குழந்தைக்குத்தானே என்கிறவர்களுக்கு

"குழந்தைக்குத்தானே வாங்குகிறோம், இதில் என்ன கணக்குப் பார்ப்பது?" டிசம்பர் பிறந்துவிட்டால் இந்த ஒரு கேள்வி வீட்டில் எல்லார் வாயையும் அடைத்துவிடுகிறது. மாதச் செலவு எழுதுகிறவர் நோட்டை மூடி வைக்கிறார். எதற்கு இத்தனை என்று கேட்ட தாத்தா கஞ்சன் பட்டத்தை வாங்கிக்கொண்டு ஈஸிசேருக்குத் திரும்புகிறார். கிறிஸ்துமஸ் மரத்தடியில் பளபளப்புத் தாள் சுற்றிய பெட்டிகள் ஏறிக்கொண்டே போகின்றன. அப்பா அம்மா வாங்கியது, இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி வாங்கியது, அத்தை, சித்தப்பா, அமெரிக்காவிலிருந்து மாமா ஆன்லைனில் போட்டுவிட்டது. எட்டு வயதுப் பிள்ளை ஒன்று, பெட்டி பதினைந்து. காலை ஆராதனை முடிந்து வந்த அரை மணி நேரத்தில் அத்தனையும் பிரித்தாகிவிடும். கடைசிப் பெட்டியைப் பிரித்த கையோடு பிள்ளை கேட்கும்: "அவ்வளவுதானா?"

எவ்வளவு கொடுத்தாலும் திருப்தியே கிடையாது என்று பிள்ளையைத் திட்டுவார்கள். பிள்ளை மேல் என்ன தப்பு? பெட்டியை ஒன்றன்பின் ஒன்றாக முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தால், பிரிப்பதுதான் விளையாட்டு என்று அது புரிந்துகொள்கிறது. விளையாட்டு முடிந்துவிட்டதா என்றுதான் கேட்கிறது.

குவியல் கட்சியின் வாதங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. கிறிஸ்துமஸ் என்றால் பரிசு, அது காலங்காலமாக வந்த வழக்கம். பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்கிறார்கள். விளையாட்டுப் பொருள் நிறைய இருந்தால் அறிவு வளரும். நமக்குத்தான் கிடைக்கவில்லை, அவர்களுக்காவது கிடைக்கட்டும். இதையெல்லாம் மறுத்தால் கருமி ஸ்குரூஜ் என்று பேர் வைப்பார்கள். வைக்கட்டும். பரிசே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒன்றிரண்டு போதும், அதை யோசித்து வாங்குங்கள் என்கிறேன். குவியலைக் குவிப்பது குழந்தைக்காக இல்லை, பெரியவர்கள் தங்களுக்காகத்தான் குவிக்கிறார்கள் என்றும் சொல்கிறேன்.

முதலில் அந்தக் 'காலங்காலமாக'வைப் பார்ப்போம். பரிசுக்கு ஆதாரம் கேட்டால் உடனே குழந்தை இயேசுவுக்குக் காணிக்கை கொண்டுவந்த சாஸ்திரிகளைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். ஞாயிறு பள்ளி நாடகத்தில் பஞ்சுத் தாடி ஒட்டி, அம்மாவின் பட்டுத் துப்பட்டாவைத் தலைப்பாகையாகக் கட்டி, பவுடர் டப்பாவைத் தங்கத்தாளில் சுற்றி ஏந்திக்கொண்டு வருவார்களே மூன்று பையன்கள், அவர்களைத்தான். வந்தவர்கள் எத்தனை பேர் என்று மத்தேயு சுவிசேஷம் சொல்லவே இல்லை. காணிக்கை மூன்று என்பதால் ஆளும் மூன்று என்று நாமே வைத்துக்கொண்டோம். பொன் ராஜாவுக்கு, தூபவர்க்கம் தேவனுக்கு, வெள்ளைப்போளம் அடக்கத்துக்கு என்று சபைப் பிதாக்கள் காலத்திலிருந்து ஒவ்வொன்றுக்கும் பொருள் சொல்லிப் பிரசங்கம் நடக்கிறது. நான்காவதாக ஒரு ரிமோட் கார் சேர்ந்திருந்தால் போதகர் திண்டாடிப் போயிருப்பார்.

அடுத்து கிறிஸ்துமஸ் தாத்தாவைக் கூப்பிடுவார்கள். அவருக்கு மூலம் 4ஆம் நூற்றாண்டில் மீரா என்ற ஊரில் பிஷப்பாக இருந்ததாகச் சொல்லப்படும் நிக்கோலாஸ். மீரா இன்றைய துருக்கியில் தெம்ரே. அவரைப் பற்றிய மிகப் பழைய கதைகளில் ஒன்று நமக்கு நன்றாகப் புரியக்கூடியது. நொடித்துப்போன ஒரு தகப்பன், மூன்று பெண்கள், சீர் கொடுக்கப் பணமில்லை. கல்யாணம் நடக்காவிட்டால் அந்தப் பெண்களைச் சீரழிவுக்கு விற்க வேண்டிய நிலை. நிக்கோலாஸ் ராத்திரியில் வந்து சன்னல் வழியாகப் பொன் முடிப்பைப் போட்டுவிட்டுப் போனார், ஒரு பெண்ணுக்கு ஒன்று வீதம். கொடுத்தவர் யார் என்று தெரியக்கூடாது என்பதற்காகத்தான் அந்த இருட்டும் சன்னலும். அவர் பெயரில் இன்று நடப்பதைப் பாருங்கள். சீர் இல்லாத வீட்டுக்குப் போன பரிசு, ஏற்கெனவே அலமாரி வழிகிற வீட்டுக்குப் போகிறது. யார் கொடுத்தது என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. பிரிக்கும்போது வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும், இல்லாவிட்டால் கொடுத்தவர் கோபித்துக்கொள்வார்.

குவியலின் உண்மையான பிறந்த ஊர் அமெரிக்கா. அங்கேயும் அது பழைய வழக்கம் இல்லை. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659இல் கிறிஸ்துமஸ் கொண்டாடினாலே ஐந்து ஷில்லிங் அபராதம். தூய்மைவாதக் கிறிஸ்தவர்கள் போட்ட அந்தச் சட்டம் 1681 வரை இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட நியூயார்க்கில் கிறிஸ்துமஸ் என்பது தெருக் கொண்டாட்டம். கூலிக்காரர்கள் குடித்துவிட்டுக் கூட்டமாக வந்து பணக்காரர் வீட்டுக் கதவைத் தட்டிச் சாப்பாடும் சாராயமும் கேட்பார்கள், வீட்டுக்காரரும் கொடுத்தாக வேண்டும். இது பிடிக்காத மேட்டுக்குடியினர் பண்டிகையைத் தெருவிலிருந்து வீட்டுக் கூடத்துக்குள் கொண்டுவந்தார்கள். கலைமான் வண்டியில் வந்து புகைபோக்கி வழியாக இறங்கிப் பரிசு வைத்துவிட்டுப் போகும் தாத்தாவைப் பரப்பிய கவிதை 1823 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்து டிராய் நகரப் பத்திரிகை ஒன்றில் வெளியானது. அதை எழுதியவர் என்று அறியப்படும் கிளெமென்ட் மூர் அந்த மேட்டுக்குடியைச் சேர்ந்தவர். ஸ்டீபன் நிஸன்பாம் என்ற வரலாற்றாசிரியர் 1996இல் எழுதிய 'த பேட்டில் ஃபார் கிறிஸ்மஸ்' நூலில் இந்த மாற்றத்தை விரிவாகக் காட்டுகிறார். அவர் காட்டுவதில் என்னை உறுத்தியது இதுதான்: வாசலில் நின்ற ஏழைக்குப் போய்க்கொண்டிருந்தது, திசை திரும்பிச் சொந்தப் பிள்ளைக்கே வந்து சேர்ந்தது. கொடுத்த திருப்தியும் கிடைத்தது, சொத்தும் வீட்டை விட்டுப் போகவில்லை.

பிறகு வியாபாரம் ஏறி உட்கார்ந்தது. நியூயார்க்கின் மேசீஸ் கடை 1867இல் கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி பன்னிரண்டு மணி வரை திறந்திருந்தது. 1939இல் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அமெரிக்காவில் நன்றி நவிலல் நாள் முடிந்தபிறகுதான் கிறிஸ்துமஸ் விற்பனை தொடங்குவது அன்றைய மரபு. அந்த வருஷம் நவம்பரில் ஐந்து வியாழக்கிழமைகள். பண்டிகை கடைசி வியாழனான 30ஆம் தேதி விழுந்ததால் விற்பனை நாள் குறைகிறது என்று பெரிய கடைக்காரர்கள் முறையிட்டார்கள். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பண்டிகையையே ஒரு வாரம் முன்னால் நகர்த்தி 23ஆம் தேதிக்குக் கொண்டுபோனார். மாநிலங்கள் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி பிரிந்து நின்றன. ஒரு மாநிலத்தில் ஒரு தேதி, பக்கத்து மாநிலத்தில் இன்னொரு தேதி. 1941இல் காங்கிரஸ் நான்காவது வியாழன் என்று சட்டம் போட்ட பிறகுதான் குழப்பம் தீர்ந்தது. கடையில் ஒரு வாரம் கூடுதலாக விற்க வேண்டும் என்பதற்காகப் பண்டிகைத் தேதியை மாற்றிய நாட்டிலிருந்து வந்த வழக்கத்தைத்தான் நாம் 'காலங்காலமாக' என்கிறோம்.

நம் பக்கம் அப்படி ஒரு வழக்கமே இருந்ததில்லை. திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் வீடுகளில் கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைக்குக் கிடைத்தது ஒரு புதுத்துணி. நவம்பரிலேயே துணி எடுத்து, தையல்காரரிடம் கொடுத்து, அவர் நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்து, 24ஆம் தேதி ராத்திரி காஜா அடித்துக் கையில் வாங்குகிற வரை உயிர் போய் உயிர் வரும். விடியற்கால ஆராதனைக்கு அந்தச் சட்டையை, இஸ்திரிச் சூடு ஆறுவதற்குள் போட்டுக்கொண்டு போக வேண்டும். பொம்மை கிம்மை எல்லாம் ஊர்த் திருவிழாக் கடையில்.

அதைவிட முக்கியம், அன்று பிள்ளைக்கு ஒரு வேலை இருந்தது. முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, இரண்டு துண்டு கேக், ஒரு சீப்பு வாழைப்பழம் எல்லாம் தட்டில் அடுக்கி, பின்னல் துணி போட்டு மூடி, அம்மா கையில் கொடுப்பாள். தெருவில் தீபாவளிக்கு நமக்குத் தட்டு அனுப்பிய வீடுகள் எவை எவை என்ற பட்டியல் அவள் மனசில் இருக்கும். ஒரு வீடு விட்டுப்போனால் அடுத்த வருஷம் வரை பேச்சு வரும். தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து, அந்த வீட்டுப் பாட்டி பலகாரத்தை மாற்றிக்கொண்டு வெறுந்தட்டாகத் திருப்பக்கூடாது என்று கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு ஓடி வர வேண்டும். கிறிஸ்துமஸில் பிள்ளை கொடுக்கிற ஆளாக இருந்தது. இன்றைக்குப் பலகாரம் கடையில் அட்டைப்பெட்டியாக வாங்கப்பட்டு, டெலிவரி செய்கிறவர் கையில் போகிறது. பிள்ளை மரத்தடியில் உட்கார்ந்து வாங்கிக்கொள்கிற ஆளாகிவிட்டது. அந்தத் தட்டு ஓட்டத்தை எடுத்துவிட்டுப் பதினைந்து பெட்டியை வைத்திருக்கிறோம். இதற்குப் பேர் வளர்ச்சியாம்.

சரி, பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்கிறதே என்பார்கள். எந்த ஆசை, எங்கிருந்து வந்த ஆசை? 1955 வரை அமெரிக்காவில் பொம்மைக் கம்பெனிகள் பெரும்பாலும் பெற்றோருக்கும் கடைக்காரருக்கும்தான் விளம்பரம் செய்தன, அதுவும் கிறிஸ்துமஸ் நெருக்கத்தில். அந்த வருஷம் மேட்டல் என்ற சின்னக் கம்பெனி, டிஸ்னியின் மிக்கி மவுஸ் கிளப் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வருஷம் முழுக்க விளம்பரம் போட ஐந்து லட்சம் டாலர் கட்டியது. கம்பெனியின் மொத்த மதிப்பே ஏறக்குறைய அவ்வளவுதான். முதலாளிகள் சூதாடினார்கள், சூது பலித்தது. பொம்மைத் துப்பாக்கிகள் கிறிஸ்துமஸுக்குள் தீர்ந்துபோயின. அன்றிலிருந்து வியாபாரி பெற்றோரிடம் பேசுவதில்லை. நேராகக் குழந்தையிடம் பேசுகிறான், குழந்தை வந்து நம்மிடம் பேசுகிறது. கனடாவின் கியூபெக் மாகாணம் 1980இல் 13 வயதுக்குட்பட்டவர்களைக் குறிவைக்கும் வணிக விளம்பரத்துக்குத் தடை போட்டது. இர்வின் டாய் என்ற பொம்மைக் கம்பெனி பேச்சுரிமை போயிற்று என்று உச்ச நீதிமன்றம் வரை போனது. விளம்பரம் தன்னை வசப்படுத்தப் பார்க்கிறது என்று புரிந்துகொள்ளும் பக்குவம் சின்னப் பிள்ளைக்கு இல்லை, அதைக் காப்பது அரசின் கடமைதான் என்று 1989இல் நீதிமன்றம் தடையை நிலைநிறுத்தியது. சுவீடனில் 12 வயதுக்குட்பட்டவர்களுக்கான தொலைக்காட்சி விளம்பரம் 1991 முதல் கிடையாது.

நம் வீட்டில் தொலைக்காட்சிகூட வேண்டாம், கைப்பேசி போதும். ஒரு சிறுவன் பொம்மைப் பெட்டியைப் பிரித்துப் பிரித்துக் காட்டுவதையே நிகழ்ச்சியாக நடத்திய அமெரிக்க யூடியூப் சேனல், 2018இல் போர்ப்ஸ் பத்திரிகையின் பட்டியலில் யூடியூபில் அதிகம் சம்பாதித்தவர்களில் முதலிடம். வருமானம் 2.2 கோடி டாலர், பையனுக்கு வயது 7. சோறு ஊட்டும்போது நம் பிள்ளை எதைப் பார்த்தபடி வாய் திறக்கிறது என்று ஒரு வேளை உற்றுப் பாருங்கள். "அதுவாகவே ஆசைப்பட்டுக் கேட்டது" என்று பிறகு சொல்ல வராது.

இனி அறிவு வளர்ச்சி. இந்த வாதத்தைப் பொம்மைப் பெட்டியின் மேல் அட்டையில் அச்சடித்தே விற்கிறார்கள், அதனால் நிறையப் பேர் நம்புகிறார்கள். அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 36 சின்னக் குழந்தைகளை ஒரு முறை 4 பொம்மைகளோடும் இன்னொரு முறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டுப் பார்த்தார்கள். 2018இல் வெளியான முடிவு: நான்கு இருந்தபோது குழந்தை ஒவ்வொன்றோடும் அதிக நேரம் இருந்தது, ஒரே பொம்மையை வைத்து விதவிதமாக விளையாடியது. பதினாறு இருந்தபோது தாவிக்கொண்டே இருந்தது. 36 குழந்தைகள் என்பது சின்ன எண்ணிக்கைதான், அதுவும் ஒன்றரை முதல் இரண்டரை வயதுக் குழந்தைகள். பத்து வயதுப் பிள்ளைக்கு இதை அப்படியே பொருத்த மாட்டேன். ஆனால் அதிகம் இருந்தால் அதிகம் வளரும் என்கிறவர்கள் கையில் இந்த அளவு ஆதாரமாவது இருக்கிறதா?

குவியல் முற்றினால் எங்கே போய் முடியும் என்று பார்க்க வேண்டுமானால் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போக வேண்டும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்து மானிடவியலாளர்கள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த நகரத்தின் 32 நடுத்தர வர்க்க வீடுகளுக்குள் போய், அகழாய்வுக் குழிகளில் செய்வதுபோலப் பொருள்களை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். 2012இல் புத்தகமாக வந்தது. உலகக் குழந்தைகளில் அமெரிக்கக் குழந்தைகள் 3.1 சதவீதம், உலகில் வாங்கப்படும் பொம்மைகளில் அமெரிக்கக் குடும்பங்கள் வாங்குவது 40 சதவீதம் என்று அதில் ஒரு கணக்கு வருகிறது. பெரும்பாலான வீடுகளில் கார் நிறுத்தக் கட்டிய அறையில் கார் நிற்க இடமில்லை. சாமான் அடைத்துக் கிடந்தது. சென்னையில் இரண்டு படுக்கையறை அடுக்ககத்தில் இருக்கிற நமக்கு அந்த அறையும் கிடையாது. கட்டிலுக்கடியிலும் பரணிலும்தான் அடைக்கிறோம், கை உடைந்த ரோபோவும் சக்கரம் கழன்ற லாரியும் பேட்டரி ஒழுகிப் பச்சை பூத்த பியானோவும்.

இதெல்லாம் எளிதாக மறுக்கக்கூடிய வாதங்கள். மறுக்கக் கஷ்டமானது ஒன்று இருக்கிறது. "எங்களுக்குக் கிடைக்கவில்லை." இதைச் சொல்கிறவர்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. அண்ணன் போட்டுக் கழித்த டிரவுசர், பக்கத்து வீட்டுப் பையனின் கீ கொடுக்கிற காரைத் தொட்டுப் பார்க்கக் கெஞ்சியது, வளைகுடா மாமா பெட்டி திறக்கும்போது நமக்கு வருமா வராதா என்று கதவோரம் நின்றது. இப்படி வளர்ந்தவர்கள் இன்று சம்பளம் வாங்கிக் கடை வாசலில் நிற்கும்போது கை தாராளமாக ஓடுவது புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஆனால் அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அன்றைக்கு ஏங்கியது எதற்கு? பதினைந்துக்கா? அந்த ஒரு காருக்குத்தானே. அதன் நிறம், சாவி போடும் துவாரம் எந்தப் பக்கம், எந்தக் கடைக் கண்ணாடிக்குள் இருந்தது என்று இன்றும் சொல்வீர்கள். உங்கள் பிள்ளைக்கு அந்தக் குறை இல்லவே இல்லை. இல்லாத குறைக்கு நீங்கள் மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். நாற்பது வயது ஆள் தன் எட்டு வயதுக்கு வாங்கிக்கொள்வதைப் பிள்ளையின் பெயரில் பில் போடுகிறார். தனக்கே ஒரு கீ கார் வாங்கி மேசையில் வைத்துக்கொண்டால் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

நேரம் கொடுக்க முடியாத குற்ற உணர்ச்சியும் இதில் உண்டு. காலை ஏழரைக்குக் கிளம்பிப் பழைய மகாபலிபுரம் சாலை நெரிசலில் நசுங்கி ராத்திரி ஒன்பதுக்கு வீடு திரும்பும் இரண்டு பேர், பெட்டிகளால் ஈடுகட்டப் பார்க்கிறார்கள். இதை நீட்டிப் பேச ஆசையில்லை, அவரவர் மனசுக்குத் தெரியும்.

ஸ்குரூஜ் பட்டத்துக்கு வருகிறேன். டிக்கன்ஸ் 1843இல் எழுதிய 'எ கிறிஸ்மஸ் கேரல்' கதையில் வரும் கருமி. அவன் மனம் திருந்திய பிறகு என்ன வாங்கினான் என்பதைப் பட்டம் கொடுக்கிறவர்கள் படித்திருக்கிறார்களா? தன் குமாஸ்தாவின் வீட்டுக்கு ஒரு பெரிய வான்கோழி அனுப்பினான். குமாஸ்தாவின் சம்பளத்தை உயர்த்தினான். தர்மத்துக்குப் பணம் எழுதினான். தங்கை மகன் வீட்டு விருந்துக்கு நேரில் போய் உட்கார்ந்தான். ஊன்றுகோலோடு நடந்த அந்தக் குழந்தை டிம்முக்கு இரண்டாவது தகப்பனாக இருந்தான். அவன் கொடுத்ததில் பொம்மைக் குவியல் இல்லை. குவியலை எதிர்ப்பவன் பண்டிகைக்கே எதிரி என்ற பேச்சும் புதிதல்ல. 1912இல் நியூயார்க்கில் வேலைக்குப் போன பெண்கள், மேலதிகாரிக்குக் கிறிஸ்துமஸ் பரிசு வாங்க ஆளுக்கு இவ்வளவு என்று கட்டாய வசூல் கொடுத்து நொந்துபோய், பயனற்ற பரிசுகளைத் தடுக்கும் சங்கம் என்றே ஒன்றில் சேர்ந்தார்கள். நடிகையாக இருந்த எலினர் பெல்மாண்டும் வங்கி முதலாளி மார்கனின் மகள் ஆன் மார்கனும் அதை நடத்தினார்கள். முன்னாள் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட்டும் உறுப்பினர். கொடுக்காதே என்று அவர்கள் சொல்லவில்லை. கடனே என்று கொடுக்காதே என்றார்கள். பள்ளிகளிலும் ஆபீஸ்களிலும் சீட்டெடுத்துப் பரிசு கொடுக்கும் 'கிறிஸ் மா, கிறிஸ் சைல்ட்' விளையாடிப் போன வருஷம் வந்த காபி கோப்பையையே தாள் மாற்றித் தள்ளிவிட்டிருக்கும் யாருக்கும் அந்தச் சங்கத்தின் நியாயம் விளங்கும்.

எண்ணிக்கை குறைந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. இங்கே என் பக்கத்து ஆட்களோடும் எனக்குச் சண்டை உண்டு. "நாங்கள் ஒரே ஒரு பரிசுதான் கொடுத்தோம்" என்று பெருமையாகச் சொல்வார்கள். என்னவென்று பார்த்தால் முப்பதாயிரம் ரூபாய் டேப்லெட். பதினைந்து பெட்டியும் பின்னால் வந்து சேர்வதற்கான வாசல் அதுதான். இன்னொரு கூட்டம், விரும்பியது ஒன்று, தேவையானது ஒன்று, உடுக்க ஒன்று, படிக்க ஒன்று என்று அமெரிக்க அம்மாக்களிடம் பரவிய நான்கு பரிசு விதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. குவியலுக்கு அது எவ்வளவோ மேல். ஆனால் அதையும் ரேஷன் கார்டு மாதிரி நான்கு கட்டத்தில் டிக் அடித்து முடித்தால், பிள்ளையின் முகத்தை ஒரு தடவைகூட நினைக்காமல் நான்கையும் வாங்கிவிடலாம்.

பிள்ளையை நினைத்து வாங்கியது எப்படி இருக்கும்? எவர்சில்வர் டம்ளரில் பேர் வெட்டிக் கொடுப்பார்களே, அப்படி இருக்கும். பாத்திரக் கடை வாசலில் சின்ன மோட்டார் ஊசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் காதைக் கூசவைக்கும் சத்தத்தில் புள்ளி புள்ளியாகப் பெயரை வெட்டுவார். கீழே 'அன்புடன் பெரியம்மா, 25-12' என்று வருஷத்தோடு. விலை சொற்பம். அந்த வீட்டில் அந்த டம்ளரில் வேறு யாரும் காபி குடித்துவிட முடியாது, அடிதடி ஆகிவிடும். கல்யாணமாகிப் போகும்போது பெட்டியில் அதுவும் போகும். அல்லது கேரம் போர்டு. அதை வாங்குகிறவர் தன் சாயங்காலங்களையும் சேர்த்துக் கொடுக்கிறார், ஏனென்றால் அதற்கு இரண்டு பேராவது வேண்டும். வாங்கிக் கொடுத்துவிட்டுப் போரிக் பவுடர் டப்பாவைக்கூடத் திறக்காதவர் பலகையைத்தான் கொடுத்தார். மைனாவையும் மீன்கொத்தியையும் பார்த்து இது என்ன அது என்ன என்று கேட்கிற பிள்ளைக்குப் பறவைகள் புத்தகம், சாலிம் அலி 1941இல் எழுதி இன்றும் விற்கும் புத்தகமே இருக்கிறது. அதோடு ஒரு ஞாயிறு அதிகாலை கூந்தன்குளத்துக்குக் கூட்டிப்போவது. எதையும் கழற்றிப் பார்க்கிற பிள்ளைக்கு நிஜமான ஸ்குரூடிரைவர் செட்டும் கெட்டுப்போன ஒரு டேபிள் ஃபேனும். இவற்றில் எதையும் வாங்க, பிள்ளை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று கொஞ்ச நாள் பார்த்திருக்க வேண்டும். பதினைந்து பெட்டி வாங்க அந்தச் சிரமம் இல்லை. எட்டு வயது, ஆண் என்று தேடினால் கடையே காட்டிக் கொடுக்கும்.

ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற பொருளாதார நிபுணர் 1993இல் ஒரு கணக்குப் போட்டார். மாணவர்களிடம் கேட்டுப் பார்த்ததில், பரிசுக்குச் செலவான தொகையில் பத்து சதவீதத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை, வாங்கிக்கொண்டவரின் மதிப்பில் காணாமல் போகிறது. அதாவது அந்த விலை கொடுத்து அவர்கள் அதை வாங்கியிருக்கவே மாட்டார்கள். தூரத்து உறவினர் கொடுத்தவற்றில் இழப்பு அதிகம், நெருங்கியவர் கொடுத்தவற்றில் குறைவு. அப்படியானால் பணமாகவே கொடுத்துவிடலாமே என்று பொருளாதாரக்காரர்கள் சொல்வார்கள். கிளம்புகிற நேரத்தில் பிள்ளை கைக்குள் ஐந்நூறு ரூபாய்த் தாளைத் திணித்து "வேண்டியதை வாங்கிக்கோ" என்கிற நம் ஊர் அத்தைகள் அந்தப் பாடத்தைப் படிக்காமலே தேறியவர்கள். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் எனக்குப் பட்டது வேறு: பிள்ளையைத் தெரிந்தவர் கொடுத்தால் வீணாவது குறைவு. தெரியாதவர்கள் தனித்தனியாகப் பன்னிரண்டு பெட்டி அனுப்புவதை நிறுத்திவிட்டு, தெரிந்த ஒருவரைக் கேட்டு ஒன்றாகச் சேர்ந்து ஒன்று வாங்கலாம்.

சம்பந்தி வீடு இரண்டும் சேர்ந்து ஒரே பரிசா, நடக்கிற காரியமா என்று சிரிப்பீர்கள். கௌரவப் பிரச்சினை எனக்கும் தெரியும். அவர்கள் சைக்கிள் வாங்கினால் இவர்கள் பேட்டரி கார் வாங்குவார்கள். இதை அவர்களிடம் சொல்ல வேண்டியது பிள்ளையின் அப்பா அம்மா, அதுவும் டிசம்பர் 20ஆம் தேதி இல்லை, அக்டோபரிலேயே. ஒரு வீடு சைக்கிள் வாங்கட்டும், இன்னொரு வீட்டுத் தாத்தா ஓட்டக் கற்றுக்கொடுக்கட்டும். இரண்டில் எது பெரிது என்று அவர்கள் அடித்துக்கொண்டால் பிள்ளைக்கு லாபம்தான்.

இந்த வருஷம் எல்லாம் வாங்கியாயிற்றே என்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மிஞ்சியதையும் உடைந்ததையும் மூட்டை கட்டிக் குழந்தைகள் இல்லத்தில் கொண்டுபோய் இறக்கி, போட்டோ எடுத்துக்கொண்டு புண்ணியக் கணக்கில் எழுதாதீர்கள். டிசம்பரில் அங்கேயும் கேக்கும் பொம்மையும் குவிகின்றன, அங்கே இருக்கிற பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் பத்துப் பெட்டி பிரித்துவிட்டு மறுநாள் என்ன செய்வது என்று தெரிவதில்லை. முன்கூட்டியே போன் செய்து என்ன வேண்டும் என்று கேளுங்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது பை, செருப்பு, நோட்டு, கட்டணப் பாக்கி என்று பட்டியல் சொல்வார்கள். அந்த மாதத்தில் மரமும் நட்சத்திரமும் இருக்காது, யாரும் அங்கே போவதும் இல்லை.